தரவுத்தளத்துக்கு நாடி பிடித்த கதை

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பல் வைத்தியர் ஒருவரின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே பல் பிடுங்குகிறார்கள், மேலே நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். ‘ஐயோ’ என்று சத்தம் கேட்டால் அது எந்த மாடியில் என்று காதைக் கொடுத்துக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அங்கே நான் ‘சீனியர்’. தலையில் முடி கொட்டிய அளவைப் பார்த்துக் கொடுத்த பதவி அது என்று என் மனைவி சொல்வாள். முதலாளி இன்றுவரை அதை மறுக்கவில்லை.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர், காலி வீதிக்கு அந்தப் பக்கம் கலியாணத் தரகு நிலையம் நடத்தும் ஓர் அன்ரி. யாழ்ப்பாணத்து ஆள். கொழும்பில் எத்தனையோ வீடுகளுக்கு மருமகனும் மருமகளும் தேடிக் கொடுத்தவர். மாப்பிள்ளை விபரம், பெண் விபரம், சாதகக் குறிப்பு, யார் யாரைக் கேட்டார்கள், யார் ‘பிறகு சொல்லுறம்’ என்றுவிட்டுப் பிறகு சொல்லவேயில்லை என்பது வரைக்கும் எல்லாவற்றையும் அட்டவணை அட்டவணையாக அடுக்கி வைத்த ஒரு தரவுத்தளம் அவரிடம் இருந்தது. பல வருடமாக அது அவருடைய மேசைக்குக் கீழே, பூ வேலை செய்த துணி போர்த்திய ஒரு கணினிக்குள் குடியிருந்தது. இந்த வருடம்தான் அதைக் கிளவுடுக்கு மாற்றினோம். அதாவது, நாங்கள் ஒருநாளும் பார்க்கப்போகாத ஏதோ ஒரு நாட்டுக் கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த இடத்துக்கு. இனி நாடு முழுக்க இருக்கும் அன்ரியின் தரகர்மாரும், லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் தாய் தகப்பன்மாரும் தங்கள் போனிலேயே சம்பந்தம் பார்க்கலாம்.

மாற்றி வைத்தது நானல்ல. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் ஒரு பிள்ளை. வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான், தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில், அந்தக் காலம் முடிகிற வாரம் பார்த்து ‘ஆள் கூடிப்போச்சு’ என்று அனுப்பிவிட்டார்கள். அதைப் பற்றி அவள் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். அதுவும் சிரித்துக்கொண்டு.

“இஞ்சயும் பேர்மனன்ட் ஆக்காம அனுப்பினா, மூண்டாவது இடத்து இன்டர்வியூவில என்னண்ணா சொல்லுறது? எனக்கு இடம் மாறுறது விருப்பமான பொழுதுபோக்கு எண்டோ?”

நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு தேத்தண்ணி குடிக்கப் போனபோதுதான், அது சிரிக்கிற கதையல்ல என்று உறைத்தது. எனக்கு எதுவும் ஒரு தேத்தண்ணி தாமதமாகத்தான் உறைக்கும்.

மாற்றிய இரண்டாவது வாரமே அன்ரியிடமிருந்து முறைப்பாடு வந்தது. திறக்கிற நேரம் பார்த்து இழுபடுகிறதாம். சில தரகர்மாருக்கு உள்ளே போகவே முடியவில்லையாம். மேசைக்குக் கீழே இருந்தபோது ஒருநாளும் இப்படி இல்லையாம். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“ஐசே, உதுக்கு ஒரு மொனிற்றரிங் போடும். என்ன நடக்குதெண்டு எனக்குக் கண்ணால பாக்கவேணும். மாதக் கடைசியில அந்தப் பிள்ளையின்ர விசயத்தை முடிவெடுக்கவேணும். அன்ரி பழைய கொம்பியூட்டருக்கே திரும்பிப் போனா, நான் என்னெண்டு அவவைப் பேர்மனன்ட் ஆக்கிறது?”

அவர் கெட்ட மனிதரல்ல. சம்பளம் கொடுக்கிற ஒருவர் யோசிக்கிற மாதிரி யோசித்தார், அவ்வளவுதான். ஆனால் கணக்கு எனக்குத் தெளிவாகவே விளங்கியது. மாதக் கடைசிக்குள் அந்தத் தரவுத்தளம் ஒழுங்காக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிள்ளை வீட்டுக்கு.

கண்காணிப்புப் போடுவது பெரிய வித்தையில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் விரலில் ஒரு கவ்வியை மாட்டி, பக்கத்தில் திரையில் கோடு ஓடவிடுகிறார்களே, அதே வேலைதான். எவ்வளவு நினைவகம் மிச்சம், எவ்வளவு இடம் மிச்சம், ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது, ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் உள்ளே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபு, ஒவ்வொரு வரைபுக்கும் ஓர் எல்லை. எல்லையைத் தாண்டினால் அலாரம். எதற்கு அலாரம் வைக்காமல் விடுவது என்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. அது என்னிடம் இல்லாதபடியால் எல்லாவற்றுக்கும் வைத்தேன்.

முதல் இரண்டு நாளும் என் போன் அழுத அழுகையைச் சொல்லி முடியாது. சந்தையில் மீன்காரரிடம் பாரை விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது அடித்தது. சலூனில் பாதித் தலை வெட்டியிருக்கும்போது அடித்தது. வெட்டுகிறவர், “மஹத்தயா, ஹதிசியக்த?” என்று பயந்து கேட்டார். ஏதோ அவசரமாக்கும் என்று நினைத்திருக்கிறார். வேறொரு நாட்டில் ஒரு கணினிக்கு ஒரு கணம் மூச்சு வாங்கியிருக்கிறது என்பதைச் சிங்களத்தில் சொல்ல எனக்கு வராது. தமிழிலும் வராது. வீட்டில் மனைவி பொறுமையாகத்தான் இருந்தாள், ஒரு எல்லை வரைக்கும்.

“டேட்டாபேஸுக்குத் தும்மல் வந்தாலும் உங்களுக்கு அறிவிக்க வேணுமோ? எனக்குக் காய்ச்சல் வந்ததை அடுத்த நாள்தானே கேட்டனீங்கள்.”

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்தேன். ஆனால் ஓர் அலாரத்தை மட்டும் விடவில்லை, ஏனென்றால் அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. எல்லாரும் இணைப்புகள் கூடினால் அடிக்கிற மாதிரி வைப்பார்கள். நான் அதோடு, வேலை நேரத்தில் இணைப்புகள் அடியோடு குறைந்தாலும் அடிக்கிற மாதிரி வைத்தேன். செத்தவனுக்குக் காய்ச்சல் வராது, ஆகவே காய்ச்சலை மட்டும் அளந்தால் போதாது என்பது என் தத்துவம். அலாரம் அடித்தால் எனக்கும் முதலாளிக்கும் மெயில் போகும். அதில் ‘பொறுப்பு’ என்று ஒரு வரி. தரவுத்தளத்தை முதலில் அமைத்தவரின் பெயரை அந்த இயந்திரமே எடுத்துப் போட்டுக்கொள்ளும். அதாவது அந்தப் பிள்ளையின் பெயரை.

என் கண்டுபிடிப்பு வேலை செய்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோடு தடால் என்று தரைக்கு விழுந்தது. ஒன்றரை மணித்தியாலம் அப்படியே கிடந்தது. பிறகு ஒரே பாய்ச்சலாக மேலே போய்க் கூரையில் முட்டியது. முட்டிய அந்த நேரத்தில்தான் தரகர்மார் வெளியே நின்றார்கள். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. புதன்கிழமை மத்தியானம் விழுந்தது. வியாழன் சாப்பாட்டுக்குப் பிறகு. வெள்ளி முற்பகல். சனி காலை. ஞாயிறு அன்ரியின் நிலையத்துக்கு விடுமுறை. திங்கள் மட்டும் சுத்தம். அடுத்த வாரமும் அச்சுப் பிசகாமல் அப்படியே.

நான் நாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். புதன் மத்தியானம் எல்லாரும் சாப்பிடுகிறார்கள். வியாழன் சாப்பிட்ட நித்திரை. செவ்வாய் பின்னேரத் தேத்தண்ணி. வெள்ளி, சனி வாரக் கடைசிச் சோம்பல். எல்லா நாளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம் என்று மட்டும் ஒரு சீனியருக்குத் தோன்றவில்லை. காரணங்கள் அலுத்த பிறகு பிள்ளையிடம் போனேன்.

“தங்கச்சி, நீர் எங்கயாவது பாக்அப் எடுக்கிறதுக்கு நேரம் வைச்சிருக்கிறீரோ? செவ்வாய் மூண்டு மணிக்கு, வெள்ளி பத்தரைக்கு, அப்பிடி?”

“ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு நேரம் வைக்க எனக்கென்ன விசரோ அண்ணா?” என்றாள். பிறகு கணினியைத் திருப்பி, தான் செய்து வைத்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிழை இல்லை. முடிந்ததும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “மெயில் எல்லாத்திலயும் என்ர பேர்தானே போகுது. சேர் என்னைப் பாத்து ‘குட் மோர்னிங்’ சொல்லுறதே குறைஞ்சிட்டுது.”

முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். “அந்தப் பேர் சும்மா தானா விழுற பேர், சேர். அவ பிழை விட்டவ எண்டு அர்த்தமில்லை.”

“மெசினுக்கு அவவோட கோவமே? ஒவ்வொரு நாளும் அவவின்ர பேர்தான் வருது.”

“அந்த மெசினைச் செய்து பூட்டினது நான்தான் சேர்.”

“அப்ப நல்லாத்தான் பூட்டியிருக்கிறீர்,” என்றார். என் வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அடுத்து நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தரவுத்தளத்துக்கு இடம் வாடகைக்குத் தந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு விரிவாக எழுதினேன். வரைபுகள் இணைத்தேன், அம்புக்குறிகள் போட்டேன். அவர்கள் மிக மரியாதையாகப் பதில் எழுதினார்கள்: உங்கள் தரவுத்தளம் நலமாக இருக்கிறது, அந்த நேரங்களில் பயனர்கள் யாரும் வரவில்லை போலிருக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் எங்கே போனார்கள்? எல்லாரும் சேர்ந்து, நாளுக்கொரு நேரம் பார்த்து? அன்ரிக்கு போன் எடுத்தேன்.

“அன்ரி, நேற்று மூண்டு மணிக்குப் பிறகு சிஸ்டம் வேலை செய்ததோ?”

“தெரியேல்லைத் தம்பி. நாங்கள் அந்த நேரம் பாவிக்கேல்லை.”

“ஏன் பாவிக்கேல்லை? ஏலாமல் போட்டுதோ?”

“சீச்சீ. பாவிக்கேல்லை, அவ்வளவுதான். நாலரைக்குத்தான் திறந்தனாங்கள். அப்பதான் இழுபட்டது.”

என் மனம் நோகக்கூடாது என்று சமாளிக்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவு நல்ல மனுசியாக இருக்கிறாரே என்று உருகியும் போனேன். அடுத்த நாள் வியாழக்கிழமை, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்த பிள்ளைதான் கேட்டாள்.

“அண்ணா, அன்ரியின்ர இடம் ரோட்டுக்கு அங்கால தானே. ஒருக்காப் போய்ப் பாப்பமா?”

காலி வீதியைக் கடந்தால் வந்துவிடும் இடம். நான் முதலில் கேட்டது கடல் கடந்த நாட்டை.

நாங்கள் போனபோது அன்ரியின் நிலையம் சுறுசுறுப்பாக இருந்தது. மூன்று பெண்கள் கணினிகளில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அன்ரி இரண்டு போனில் மாறி மாறிக் கதைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கதிரையைக் காட்டினார். நான் என் போனில் வரைபைத் திறந்து வைத்துக்கொண்டு, திருடனைப் பிடிக்க வந்த பொலிஸ்காரன் மாதிரி உட்கார்ந்தேன். கோடு அழகாக ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் ஒன்றரையைத் தொட்டது. மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்கள். ஒருத்தி சோம்பல் முறித்தாள். ஒருத்தி தேத்தண்ணிப் போத்தலைத் திறந்தாள். மற்றவள் கடதாசியில் சுற்றி வைத்திருந்த வடையை எடுத்தாள். என் போன் வீரிட்டது.

“விழுந்திட்டுது!” என்று எழும்பினேன். “ஒருத்தரும் ஒண்டையும் தொடாதேங்கோ!”

“நாங்கள் எங்க தொட்டனாங்கள்?” என்றாள் வடைக்காரி. “வடையைத் தொடலாமோ?”

அன்ரி போனைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, உமக்கு என்ன நடந்தது? ராகுகாலம் தொடங்கீட்டுது. ராகுகாலத்தில ஆரும் சம்பந்தம் பாப்பினமோ?”

சுவரில் நாட்காட்டி தொங்கியது. கிழிக்கிற தாளில் அன்றைய ராகுகாலம் கொட்டை எழுத்தில் இருந்தது. அதே நாட்காட்டி என் வீட்டுக் குசினியிலும், அடுப்புக்கு மேலே, தொங்குகிறது. நான் வெளிக்கிடும்போதெல்லாம் மனைவி அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்துவிடுவாள். செவ்வாய் மூன்று மணி. புதன் பன்னிரண்டு. வெள்ளி பத்தரை. திங்களில் நிலையம் திறக்க முன்னமே அது முடிந்துவிடும். வேறொரு நாட்டு நிறுவனத்துக்கு அம்புக்குறி போட்டுக் காட்டிய என் வரைபு முழுவதும் அந்தக் குசினிச் சுவரில் இருந்திருக்கிறது.

“ஏன் அன்ரி எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்லுறது? நீர் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதானே! மத்தியானத்தில நாங்கள் சோறு தின்னுறனாங்கள் எண்டும் உமக்குச் சொல்லவேணுமோ?”

எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளையும் சிரித்தாள், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாள். “அன்ரி, உங்கட தரகர்மாரும் இதைப் பாக்கிறவையோ?”

“பின்ன? லண்டன், ரொறன்ரோ ஆக்களும் எங்கட நேரத்தைத்தான் பாப்பினம். இண்டைக்கு எப்ப மூண்டு மணி அடிக்கும் எண்டு போனைக் கையில வைச்சுக்கொண்டு நிப்பினம். முதல் கேக்கிறவைக்குத்தானே முதல் மறுமொழி.”

அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை எனக்கும் தாமதமில்லாமல் உறைத்தது. எங்கள் முதலாளி எடுத்த வாடகைத் திட்டம் ஆகச் சிறியது. அதற்குள் ஒரே நேரத்தில் இவ்வளவு பேர்தான் வரலாம் என்று ஒரு கதவு உண்டு. மனிதர்கள் வழக்கம்போல முன்னும் பின்னுமாக வருவார்கள் என்று நம்பித்தான் அந்தக் கதவின் அளவை வைத்திருந்தோம். இவர்களோ கோயில் மணி அடித்த மாதிரி ஒரே நொடியில் வருகிறார்கள். கோடு விழுவது நோயே இல்லை. பிறகு எழும்புவதுதான் நோய்.

மருந்தும் உடனே தெரிந்தது. கதவைப் பெரிதாக்க வேண்டும். அதையும் மீறி வருகிறவர்களை வெளியே தள்ளாமல் வரிசையில் நிற்க வைக்க வேண்டும். ஆனால் அதைச் செய்ய தரவுத்தளத்தை நிறுத்தித் திரும்பத் தொடக்க வேண்டும். எப்போது நிறுத்துவது? கொழும்பு படுத்தால் லண்டன் பார்க்கிறது, லண்டன் படுத்தால் ரொறன்ரோ பார்க்கிறது. எங்கள் வரைபில் கோடு தரையைத் தொடுகிற நேரம் ஒன்றே ஒன்றுதான்.

பிள்ளை அதை அன்ரிக்கு விளங்கப்படுத்தினாள். “நாளைக்கு வெள்ளி. பத்தரைக்கு நிப்பாட்டினா, பன்னிரண்டுக்கு முந்தி எல்லாம் முடிஞ்சிடும் அன்ரி.”

அன்ரியின் முகம் மாறிவிட்டது. “என்ன? ராகுகாலத்திலயோ? வேண்டாம் பிள்ளை. அதுக்குள்ள எத்தினை பிள்ளையளின்ர வாழ்க்கை கிடக்கு!”

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கக்கூடாது. இயந்திரத்துக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது என்று ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். அன்ரி முழுவதையும் கேட்டுவிட்டு, “உம்மட கலியாணம் ராகுகாலத்திலயோ நடந்தது?” என்றார்.

“இல்லை.”

“ஏன்?”

அதோடு என் விஞ்ஞானம் முடிந்தது. வடைக்காரி எனக்கு ஒரு வடை தந்தாள். தோற்றவனுக்குத் தருகிற மாதிரித்தான் தந்தாள். வாங்கிச் சாப்பிட்டேன்.

பிள்ளை கதிரையை இழுத்து அன்ரிக்குக் கிட்டப் போட்டாள். “அன்ரி, பத்து மணிக்கு அடுப்பில சோறு வைச்சிட்டீங்கள். பத்தரைக்கு ராகுகாலம் வருது. அடுப்பை அணைச்சுப்போடுவீங்களோ?”

“அதெப்பிடி? தொடங்கின வேலையைச் செய்யலாம். புதுசாத் தொடங்கிறதுதான் கூடாது.”

“அப்ப நாளைக்குப் பத்து மணிக்கு நீங்களே உங்கட கையால தொடங்கி வையுங்கோ. மிச்சத்தை நான் செய்யிறன்.”

அன்ரி நாட்காட்டியைப் பார்த்தார், பிறகு அவளுடைய கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார். “நீர் வேதமெல்லோ? உமக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?”

“கொட்டாஞ்சேனை அன்ரி. எங்கட மதிலுக்கு அங்கால பிள்ளையார், இஞ்சால மாதா. பக்கத்து வீட்டு மாமி அம்மாவிட்டச் சீனி கேட்டு வாறதெண்டாலும் நேரம் பாத்துத்தான் வருவா.”

அன்ரி சிரித்துவிட்டார். ஆனால் வியாபாரி என்பதை மறக்கவில்லை. “சரி. ஆனா சொல்லிப்போட்டன். நாளைக்குப் பன்னிரண்டுக்கு ஒரு தரகர் வெளியில நிண்டாலும் நான் பழைய கொம்பியூட்டருக்குத்தான் போவன். உங்கட சேருக்கும் அப்பவே போன் எடுத்துச் சொல்லுவன்.”

திரும்பி வரும்போது பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்து வீதியைக் கடந்தாள். பிறகு, “நாளைக்குப் பிழைச்சா நான் மாதக் கடைசி வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்னண்ணா?” என்றாள். எனக்கு ஒரு பகிடி வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அன்ரியின் மேசையில் பிள்ளையின் மடிக்கணினி. அன்ரி திருநீறு பூசி, பட்டுக்கரைச் சேலையோடு வந்திருந்தார். செய்யவேண்டிய மாற்றங்களின் முதல் வரியைப் பிள்ளை எழுதி வைத்திருந்தாள். அது தரவுத்தளத்தை முழுவதாகப் பிரதி எடுத்து வைக்கச் சொல்லும் வரி. அன்ரி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, மோதிர விரலால் அந்த விசையை அழுத்தினார், சந்தனம் வைப்பது போல. பிள்ளை நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். நான்தான் ஒரு ஏற்பாடும் இல்லாமல் நின்றேன். நேற்று அவ்வளவு பேசிய வாயால் இன்று ஒரு சாமியைக் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. மனதுக்குள் மட்டும் கூப்பிட்டேன். யாரை என்று சொல்லவில்லை, வசதியானவர் வரட்டும் என்று.

பத்தரைக்குக் கோடு விழுந்தது. என் அலாரம் அடித்தது. அதை நிறுத்தி வைக்க மறந்துபோயிருந்தேன். அடுத்த நிமிடமே முதலாளி.

“ஐசே, இண்டைக்கும் விழுந்திட்டுதாம்! திரும்பவும் அந்தப் பிள்ளையின்ர பேர்!”

“இல்லை சேர். அது ராகுகாலம். அதுக்குள்ளதான் நாங்கள் இதைத் திருத்திக்கொண்டிருக்கிறம்.”

முதலாளியின் குரல் தாழ்ந்தது. “ராகுகாலத்திலயோ ஐசே வேலை செய்யிறியள்?”

“பத்து மணிக்கே தொடங்கியாச்சு சேர். அன்ரிதான் தொடங்கி வைச்சவ.”

“ஆ. அப்ப சரி,” என்று வைத்துவிட்டார்.

பிரதி எடுத்து முடிந்தது. பிள்ளை தரவுத்தளத்தை நிறுத்தினாள், மாற்றினாள், திரும்பத் தொடக்கினாள். ‘தொடங்குகிறது’ என்ற சொல் திரையில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. இப்படி நேரம் எடுப்பது வழமைதான் என்று எனக்குத் தெரியும். அன்ரிக்குத் தெரியாது. மூன்று பெண்களும் கதிரைகளைச் சத்தமில்லாமல் எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிள்ளையின் வலது கை மேசைக்கு மேலே இருந்தது. இடது கை மேசைக்குக் கீழே தன் சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்ததை நான் மட்டும்தான் கண்டேன். கடைசியில் பச்சை வந்தது. அவள் சட்டை நுனியை விட்டாள்.

பன்னிரண்டு அடித்தது. கோடு எழும்பியது. வழக்கமாக முட்டுகிற இடத்துக்கு வந்தது. அதைத் தாண்டியது. இன்னும் மேலே போனது. அங்கே கொஞ்ச நேரம் வரிசை கட்டி நின்று, உள்ளே வந்து, மெதுவாகச் சமனானது. வெளியே தள்ளப்பட்டவர்கள் என்ற வரைபில் ஒரு புள்ளிகூட இல்லை. நான் அதை இரண்டு தரம் புதுப்பித்துப் பார்த்தேன், என் இயந்திரத்தை நம்பாமல்.

அன்ரியின் போன் அடித்தது. ஒரு தரகர். நாங்கள் எல்லாரும் அன்ரியின் வாயையே பார்த்தோம்.

“ஓம்... ஓம்... போகுதோ? உடனயோ?... எத்தினை பேரைக் கேட்டிட்டீர்?... அவ்வளவு கெதியாக் கேட்காதையும் ஐயா, மாப்பிள்ளை வீட்டுக்காரர் பயந்து போவினம்!” போனை வைத்துவிட்டு அன்ரி எங்களைத் திரும்பிப் பார்த்தார். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் தலையில் கையை வைத்து, “இருந்து சாப்பிட்டுப் போம்,” என்றார். என்னையும் சாப்பிடச் சொன்னாரா என்று தெளிவில்லை. நான் இருந்து சாப்பிட்டேன்.

மாதக் கடைசிக்கு இன்னும் சில நாள் இருந்தது. அதற்குள் அலாரத்தைத் திருத்தினேன். இப்போது அதற்குப் பஞ்சாங்கம் தெரியும், ராகுகாலத்தில் வாயைத் திறக்காது. முதலாளி ஓர் அறிக்கை கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதினேன்: பயனர்கள் எப்படி வருவார்கள் என்று நாங்கள் எல்லாரும் தவறாக நினைத்தோம், அதைத் திருத்தும் வழியைக் கண்டுபிடித்ததும் செய்ததும் அந்தப் பிள்ளை. முதலாளி வாசித்துவிட்டு ஒரு சொல்லின் கீழே கோடு போட்டார்.

“ராகுகாலம் எண்டு எழுதாதேயும். வெளிநாட்டுப் பாட்னர் பாப்பார். ‘வாடிக்கையாளரின் ஓய்வு நேரம்’ எண்டு போடும்.”

“ஒவ்வொரு நாளும் ஏன் ஒவ்வொரு நேரம் எண்டு கேட்டா, சேர்?”

“கேட்டா நீர் விளங்கப்படுத்தும்,” என்றார். பிறகு, நான் எழும்பும்போது, “அந்தப் பிள்ளையை வரச்சொல்லும்,” என்றார்.

அவள் உள்ளே போனாள். கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியாக முதலாளியின் தலை ஆடுவது தெரிந்தது. ஆனால் அவர் தலை எதற்கும் ஆடும். ‘ஓம்’ என்பதற்கும் ஆடும், ‘ஏலாது’ என்பதற்கும் ஆடும். நான் என் கதிரையில் இருந்துகொண்டு ஒரு வரி எழுதினேன், அழித்தேன், அதையே திரும்ப எழுதினேன்.

வெளியே வந்தவள் என்னிடம் வரவில்லை. நேரே படிக்கட்டுப் பக்கம் போய் போனை எடுத்தாள். கதவு திறந்திருந்தபடியால் கேட்டது.

“அம்மா... ஓம்... இல்லையம்மா, நல்ல விசயம்தான்... பேர்மனன்ட்... இப்பதான், கடிதம் கையில தந்தவர்... அழாதேங்கோம்மா. நீங்க அழுதா நானும் இஞ்ச அழுதிடுவன், எல்லாரும் பாக்கினம்...”

ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் திடீரென்று தலை போகிற வேலை வந்துவிட்டது. நான் வரைபைத் திறந்தேன். அந்த நேரம் அதில் பார்க்க ஒன்றுமே இல்லை, கோடு நேராக, சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.